கருவிலேயே தொடங்குகிறதா ஆட்டிசம்?

குழந்தைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே பல வீடுகளில் ஒரு விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடுகிறது. "மாசமா இருக்கும்போது பப்பாளி சாப்பிட்டியா?" "கிரகணத்தன்னிக்கு வெளியே போகாதேன்னு நான் அப்பவே சொன்னேன்." "ஒன்பதாம் மாசம் வரைக்கும் ஸ்கூட்டர்ல ஆபீஸ் போனா இப்படித்தான்." கேள்வி கேட்பவர்கள் பலர். கூண்டில் நிற்பவள் எப்போதும் ஒருத்திதான்.

அவளுக்காகவும், அவளைக் கேள்வி கேட்கிறவர்களுக்காகவும்தான் இந்தக் கட்டுரை. நான் சித்த மருத்துவன். எங்கள் பாலவாகடத்தில் குழந்தை நோய்களை மாந்தம், கணம், தோடம் என்றெல்லாம் வகைப்படுத்திப் படித்தோம். ஆட்டிசம் என்ற பெயரில் அங்கே எதுவும் கிடையாது. 1943-ல் அமெரிக்காவில் லியோ கான்னர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய பிறகுதான் இதற்குத் தனி அடையாளமே வந்தது. ஆகவே இங்கே நான் சொல்லப்போவது ஏட்டுச் சுவடி விஷயமல்ல; இன்றைய ஆராய்ச்சிகள் சொல்வது. என் துறையைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில் அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

முதலில் ஒரு வார்த்தையைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். 'ஆபத்துக் காரணி' என்பது வேறு, 'காரணம்' என்பது வேறு. ஸ்வீடனில் 1973 முதல் 2013 வரை பிறந்த 40 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளைக் கணக்கெடுத்தார்கள். நிறைமாதத்தில் பிறந்தவர்களில் 1.4 சதவீதம் பேருக்கு ஆட்டிசம். 22 முதல் 27 வாரத்துக்குள், அதாவது ஆறாம் மாதத்தை ஒட்டிப் பிறந்துவிட்டவர்களில் 6.1 சதவீதம். "அடேயப்பா, நாலு மடங்கா!" என்று பதறத் தோன்றும். அதே கணக்கை இந்தப் பக்கத்திலிருந்து பாருங்கள். அவ்வளவு சீக்கிரம் பிறந்த 100 குழந்தைகளில் 94 பேருக்கு அது வரவில்லை. ஆபத்துக் காரணி என்றால் இவ்வளவுதான். கவனமாகப் பார்க்க வேண்டிய குழந்தை என்று அர்த்தமே தவிர, தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

தாய் மேல் விழுந்த பழி

இந்த விசாரணைக் கமிஷன் நம் ஊர் மாமியார்கள் மட்டும் கண்டுபிடித்ததல்ல. படித்த மேல்நாட்டு டாக்டர்களே ஒரு காலத்தில் அதைத்தான் செய்தார்கள். குழந்தையிடம் பாசம் காட்டாத, ஐஸ் பெட்டி மாதிரி சில்லிட்ட தாய்மார்களால்தான் ஆட்டிசம் வருகிறது என்று 1950, 60-களில் பேசினார்கள், எழுதினார்கள். புருனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-ல் இதை ஒரு புத்தகமாகவே போட்டார். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அழுது தீர்த்தார்கள். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற மனநல ஆய்வாளர், அவரே ஓர் ஆட்டிசக் குழந்தையின் தகப்பனார், அதற்கு முன்பே 1964-ல் 'இது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்ட விஷயம், வளர்ப்புக் கோளாறு இல்லை' என்று எழுதிவிட்டார். ஊர் காதில் ஏறத்தான் நாளாயிற்று.

1977-ல் லண்டனில் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் இருவரும் இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருமுட்டை பிரிந்து உண்டான இரட்டையர் 11 ஜோடி. அதில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருமுட்டையில் உண்டான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. வயிறு ஒன்று, சாப்பாடு ஒன்று, வளர்ப்பு ஒன்று, ஆனாலும் வித்தியாசம். மரபணுவின் பங்கு பெரிது என்று அன்றைக்குத் தெரிந்தது, பின்னால் வந்த பெரிய ஆய்வுகளும் அதையே உறுதி செய்தன.

கருத்தரிக்கும் முன்பே

மரபணு என்றதும் "எங்க பரம்பரையில யாருக்கும் இல்லையே" என்பார்கள். பரம்பரையில் இல்லாமலே புதிதாகவும் மரபணு மாற்றம் வரலாம். இதில் தகப்பனாரின் வயசுக்குப் பங்கு உண்டு. ஐஸ்லாந்தில் 2012-ல் வெளியான ஆய்வு, அப்பாவின் வயசு ஒவ்வொரு வருஷம் கூடும்போதும் குழந்தைக்குப் போகும் புது மரபணு மாற்றங்கள் சுமார் இரண்டு கூடுகின்றன என்று காட்டியது. பெரும்பாலான மாற்றங்களால் ஒரு தொந்தரவும் கிடையாது. எப்போதாவது ஒன்று முக்கியமான இடத்தில் விழுந்துவிடுகிறது. தாயின் வயசு கூடினாலும் ஆபத்து கொஞ்சம் கூடுகிறது. ஆனால் நம் வீடுகளில் "முப்பத்தஞ்சு வயசுல பெத்துக்கிட்டா" என்று பெண்ணின் வயசை மட்டும்தானே பேசுகிறோம்? மாப்பிள்ளைக்கு நாற்பத்து மூணு என்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்துகொள்வதும் யோசிக்க வேண்டிய விஷயம். தாய்மாமன், அத்தை மகன் என்று தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வாங்கும் குடும்பத்தில், இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே குறை குழந்தையிடம் ஒன்றுசேர வாய்ப்பு அதிகம். மத்திய கிழக்கு நாடுகள், துருக்கி, பாகிஸ்தான் ஆகிய இடங்களில் உறவுத் திருமணக் குடும்பங்களை ஆராய்ந்து, ஆட்டிசத்தோடு தொடர்புள்ள சில மரபணுக்களை 2008-ல் அடையாளம் கண்டார்கள். சொந்தத்தில் கட்டிய எல்லோருக்கும் இது வரும் என்பதில்லை. ஏற்கெனவே குடும்பத்தில் மூளை வளர்ச்சிக் குறையுள்ள குழந்தை இருந்தால், அடுத்த சம்பந்தம் பேசும் முன் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். ஜாதகம் பார்க்கும் செலவில் ஒரு பங்கு போதும்.

இன்னொன்று, பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி. கலிபோர்னியாவில் 6 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரண்டாவது குழந்தைகளை வைத்து 2011-ல் ஒரு கணக்கு வந்தது. முதல் பிரசவமாகி ஒரு வருஷத்துக்குள்ளேயே மீண்டும் கருவானவர்களுக்கு, மூன்று வருஷ இடைவெளி விட்டவர்களைவிட ஆட்டிச வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல். உடம்பில் இரும்பும் ஃபோலேட்டும் தேறுவதற்குள் அடுத்தது உண்டாகிவிடுவது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். "கைப்பிள்ளை கையை விட்டு இறங்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று நம் பாட்டிமார் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

ஃபோலிக் அமில மாத்திரை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நார்வேயில் 85,176 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2013-ல் வெளியிட்டார்கள். கருவாவதற்கு நாலு வாரம் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளில் 0.10 சதவீதம் பேருக்குத்தான் ஆட்டிசக் கோளாறு. சாப்பிடாதவர்களின் குழந்தைகளில் 0.21 சதவீதம். மாத்திரை ஒன்றே காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் குழந்தையின் தண்டுவடக் குறையைத் தடுப்பதற்காக எப்படியும் சாப்பிட வேண்டிய மாத்திரைதானே? நரம்புக்குழாய் மூடிக்கொள்வது கருவான 28 நாளுக்குள். 'நாள் தள்ளிப்போச்சு' என்று பல பெண்களுக்குத் தெரியவருவதே அந்தச் சமயத்தில்தான். ஆகவே குழந்தைக்குத் திட்டமிடும்போதே தொடங்க வேண்டும். "கீரையில் இருக்கே, வைத்தியரே?" என்பீர்கள். இருக்கிறது. முருங்கைக்கீரை, பாசிப்பயறு தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் நாம் கீரையை வேகவைக்கிற வேக்காட்டில் பாதி போய்விடுகிறது. கீரையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்.

பத்து மாதமும்

கர்ப்ப காலத்தில் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒரு மாத்திரையைப் பற்றி. வலிப்புக்கும், மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கும், சில சமயம் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கப்படும் வால்புரோயேட். டென்மார்க்கில் 2013-ல் வெளிவந்த ஆய்வில், வயிற்றில் இருக்கும்போது இந்த மருந்து பட்ட குழந்தைகளில் 4.4 சதவீதம் பேருக்கு ஆட்டிச வகைக் குறைபாடு. மொத்தக் குழந்தைகளில் 1.5 சதவீதம். இந்த மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்குக் கல்யாணம் பேசினால், நரம்பியல் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் யோசனைப்படி வேறு மாத்திரைக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். ஆனால் ஒன்று: தானாக நிறுத்தவே கூடாது. "இங்கிலீஷ் மருந்தை விட்டுட்டேன், நீங்க மூலிகை கொடுங்க" என்று வரும் பெண்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கர்ப்பத்தில் வலிப்பு வந்தால் தாய்க்கும் ஆபத்து, சிசுவுக்கும் ஆபத்து.

எங்கள் மருந்துகளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. பாதரசம், பாடாணம் சேர்ந்த பற்பம், செந்தூரங்களைக் கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது. ஆண் குழந்தை பிறக்க மருந்து என்று பொட்டலம் மடித்துக் கொடுப்பவரைக் கண்டால் ஓடிவிடுங்கள்.

அடுத்து ருபெல்லா என்கிற ஜெர்மன் மணல்வாரி. தாய்க்குச் சாதாரணக் காய்ச்சல், தடிப்பு மாதிரி வந்து போய்விடும். வயிற்றில் இருக்கும் சிசுவின் கண், காது, இதயம், மூளை எல்லாவற்றையும் தாக்கும். 1964-ல் அமெரிக்காவில் பரவிய ருபெல்லாவுக்குப் பின் பிறந்த 243 குழந்தைகளை நியூயார்க்கில் ஸ்டெல்லா செஸ் என்ற பெண் மருத்துவர் ஆராய்ந்து 1971-ல் எழுதினார். 10 பேருக்கு முழு ஆட்டிசம், இன்னும் 8 பேருக்கு அரைகுறையாக. ஆட்டிசத்துக்கு இவ்வளவு தெளிவாகக் கண்ணில் தெரிகிற காரணங்கள் குறைவு. இதற்கோ தடுப்பூசி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மை-ருபெல்லா ஊசி போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது "இந்த ஊசி போட்டா ஆட்டிசம் வரும்" என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடியது. உண்மை நேர்மாறு. ஒரு வகை ஆட்டிசத்தையே தடுக்கிற ஊசி அது. கல்யாணத்துக்கு முன் பெண் அந்த ஊசி போட்டிருக்கிறாளா என்று பாருங்கள். கர்ப்பமான பிறகு போட முடியாது.

கர்ப்ப காலச் சர்க்கரை நம் பக்கத்தில் ஏராளம். கலிபோர்னியாவில் 3 லட்சத்து 22 ஆயிரம் குழந்தைகளை வைத்து 2015-ல் வந்த ஆய்வில், 26 வாரத்துக்குள்ளேயே சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு ஆட்டிச வாய்ப்பு சற்றே கூடுதலாக இருந்தது. இதற்கான சோதனையை எளிமையாக்கிப் பரப்பியவர் சென்னை டாக்டர் வீ. சேஷய்யா. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் பார்ப்பது. 140 மில்லிகிராமோ மேலேயோ இருந்தால் சர்க்கரை. வெறும் வயிற்றில் வர வேண்டியதுகூட இல்லை. டாக்டர் இன்சுலின் போடச் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள். ஆவாரம்பூக் கஷாயத்தை நம்பி அதைத் தள்ளிப்போடாதீர்கள். இதைச் சித்த மருத்துவனே சொல்கிறேன்.

காய்ச்சல் மாத்திரை பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப், கர்ப்பிணிகள் பாராசிட்டமால் சாப்பிட்டால் ஆட்டிசம் வரும் என்று பேசியதிலிருந்து ஒரே பயம். ஸ்வீடனில் சுமார் 24.8 லட்சம் குழந்தைகளை வைத்து 2024-ல் பார்த்தார்கள். ஒரே தாய் ஒரு பிள்ளைக்குக் கர்ப்பமாக இருக்கும்போது சாப்பிட்டிருக்கிறாள், இன்னொரு பிள்ளைக்குச் சாப்பிடவில்லை. இப்படிப்பட்ட உடன்பிறப்புகளை ஒப்பிட்டபோது வித்தியாசமே இல்லை. காய்ச்சலை அடக்காமல் விடுவதுதான் கர்ப்பிணிக்கு நல்லதல்ல. டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள் மட்டும் சாப்பிடுங்கள்.

பப்பாளி? கிரகணம்? ஆட்டிசத்துக்கும் அவற்றுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஸ்கூட்டருக்கும்தான்.

பிரசவ நேரத்தில்

"ஆயுதம் போட்டு எடுத்தாங்க, அதான் இப்படி ஆயிடுச்சு" என்பது பல பெற்றோரின் முடிவு. 2011-ல் 40 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, பிரசவத்தையும் பிறந்த முதல் நாட்களையும் சுற்றியுள்ள 60-க்கும் மேற்பட்ட விஷயங்களை அலசினார்கள். ஆயுதப் பிரசவத்துக்கும் மயக்க மருந்துக்கும் தொடர்பு தெரியவில்லை. எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே, கொடி சுற்றிச் சிக்கல், சிசுவுக்கு மூச்சுத் திணறல், வயிற்றிலேயே மலம் கழித்து அது நுரையீரலுக்குப் போனது, கடுமையான மஞ்சள்: இவற்றுக்குத் தொடர்பு தெரிந்தது. அதிலும் எந்த ஒன்றையும் தனியாகக் குற்றம் சாட்ட முடியாது என்றுதான் முடித்தார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பிரசவச் சிக்கலால் மூளை பாதித்ததா, அல்லது ஏற்கெனவே வளர்ச்சியில் வித்தியாசமுள்ள சிசு என்பதால் பிரசவத்தில் சிக்கல் வந்ததா? இரண்டாவதற்கும் வாய்ப்பு உண்டு. மறைந்த ஆட்டிசக் குழந்தைகள் 11 பேரின் மூளையை அமெரிக்காவில் ஆராய்ந்து 2014-ல் எழுதினார்கள். 10 பேரின் மூளைப் புறணியில், அடுக்கடுக்காக அமைய வேண்டிய செல்கள் சிறு சிறு திட்டுகளாகக் கலைந்து கிடந்தன. அந்த அடுக்குகள் அமைவது வயிற்றில் இருக்கும்போதே. அப்படியானால் பிரசவ அறைக்குப் போகும் முன்பே கதை தொடங்கியாகிவிட்டது.

சிசேரியனும் அப்படித்தான். மேலோட்டமாகப் பார்த்தால் சம்பந்தம் இருப்பதுபோல் தெரியும். ஸ்வீடனில் சுமார் 27 லட்சம் குழந்தைகளை வைத்து 2015-ல் உடன்பிறப்புகளை ஒப்பிட்டபோது அந்தச் சம்பந்தம் மறைந்துவிட்டது. ஆபரேஷன் அவசியம் என்று டாக்டர் சொல்லும்போது, ஆட்டிசத்துக்குப் பயந்து மறுக்க வேண்டாம்.

பிறந்த பிறகு

பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் கண்டால் "ரெண்டு நாள் காலை வெயில்ல காட்டுங்க" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் வந்தாலோ, முதல் நாளே வந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நீல விளக்குச் சிகிச்சை சில நாள் வேலை. மஞ்சள் மூளைக்கு ஏறிவிட்டால் காதும் போகலாம், கை கால் இயக்கமும் போகலாம். கீழாநெல்லி பெரியவர்களின் காமாலைக்குப் பேர்போன மூலிகை. பிறந்த குழந்தைக்கு அரைத்து ஊற்றும் மருந்தல்ல அது.

தடுப்பூசி விவகாரம் 1998-ல் லண்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்பவர் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையில் கிளம்பியது. 2010-ல் 'லான்செட்' இதழ் அந்தக் கட்டுரையையே வாபஸ் வாங்கியது, அவருடைய டாக்டர் பதிவும் ரத்தானது. டென்மார்க்கில் 6 லட்சத்து 57 ஆயிரம் குழந்தைகளைப் பார்த்து 2019-ல், தட்டம்மை-பொன்னுக்குவீங்கி-ருபெல்லா ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று சொன்னார்கள். ஜப்பானில் அந்த முக்கூட்டு ஊசியை 1993-ல் நிறுத்தியே விட்டார்கள். அதன் பிறகும் யோகஹாமா நகரில் ஆட்டிச எண்ணிக்கை ஏறியதே தவிர இறங்கவில்லை. "ஊசி போட்ட பிறகுதானே டாக்டர் பேச்சு நின்னுச்சு?" என்று கேட்கும் தாயைக் குறை சொல்ல மாட்டேன். ஊசி போடும் வயசும், வித்தியாசம் வெளியே தெரியும் வயசும் ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

டி.வி., செல்போன் ஆட்டிசத்தை உண்டாக்குவதாக நிரூபணம் இல்லை. ஆனால் மணிக்கணக்கில் திரையைப் பார்க்கும் குழந்தையோடு யாரும் பேசுவதில்லை, பேச்சு தாமதப்படும். சோறு ஊட்டப் போனைக் கொடுக்காதீர்கள்.

பேச்சு வர வசம்பு உரசி நாக்கில் தடவுவது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. 'பிள்ளை வளர்ப்பான்' என்றே அதற்குப் பெயர். வயிற்று உப்புசத்துக்குச் சுட்ட கரியைத் துளி உரசிக் கொடுத்த பழக்கம் வேறு. பேசாத பிள்ளைக்குத் தினம் தினம் கூட்டிக் கூட்டிக் கொடுப்பது வேறு. அளவு மீறினால் வாந்தியும் மயக்கமும் வரும். அதிலுள்ள அசரோன் என்ற பொருளை உத்தேசித்து அமெரிக்காவில் 1968-லேயே உணவுப் பொருளில் வசம்பைச் சேர்க்கத் தடை போட்டார்கள். ஆட்டிசப் பேச்சை அது திறக்காது. 'உடம்பிலுள்ள உலோக விஷத்தை எடுத்துவிட்டால் ஆட்டிசம் போய்விடும்' என்று நரம்பில் மருந்து ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். 2005-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 5 வயசுப் பையன் அந்தச் சிகிச்சையிலேயே இறந்துபோனான். ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் மருந்து அலோபதியிலும் இல்லை, சித்தத்திலும் இல்லை. மலச்சிக்கல், தூக்கமின்மை போன்ற உபத்திரவங்களுக்கு உதவலாம். பேச்சு, பழக்கவழக்கம், விளையாட்டு இவற்றுக்கான பயிற்சிதான் குழந்தையை முன்னுக்குக் கொண்டுவரும். அது எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

இங்கேதான் நம் வீடுகளில் வருஷங்கள் வீணாகின்றன. "ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்." "அவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசினார்." ஆண் குழந்தைகளுக்கு ஆட்டிசம் பெண்களைவிடச் சுமார் நாலு மடங்கு அதிகமாகக் கண்டறியப்படுகிறது. ஆகவே பேசாத பையனைத்தான் முதலில் காட்ட வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் 9 மாதத்தில் திரும்பிப் பார்க்கிறதா? ஒரு வயசில் விரல் நீட்டிக் காட்டுகிறதா, டாட்டா காட்டுகிறதா? 16 மாதத்தில் ஒரு வார்த்தை, 2 வயசில் சேர்ந்தாற்போல் இரண்டு வார்த்தை வருகிறதா? எந்த வயசிலாவது வந்த பேச்சு போய்விட்டதா? ஒன்று குறைந்தாலும் முதலில் காது கேட்கும் சோதனை, பிறகு வளர்ச்சிச் சோதனை. 16 முதல் 30 மாதக் குழந்தைக்கு 20 கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. பத்து நிமிஷ வேலை.

மாவட்ட அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையங்கள் நடக்கின்றன. சென்னைப் பக்கம் உள்ளவர்கள் கோவளம் சாலையில் முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்குப் போகலாம். வீட்டில் ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. ஆகவே அந்தச் சின்னதை ஒரு வயசிலிருந்தே கூட்டிப் போய்க் காட்டுங்கள். போகும்போது பிரசவமான ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் அட்டை, பிறந்த எடை, எத்தனை வாரத்தில் பிறந்தது, மஞ்சள் அளவு, கர்ப்பத்தில் சாப்பிட்ட மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தை தன்னந்தனியாக விளையாடுவதையும், கூப்பிட்டால் என்ன செய்கிறது என்பதையும் செல்போனில் இரண்டு நிமிஷம் படம் பிடித்துக் கொண்டு போங்கள். புது இடத்தில் அழுதுகொண்டே இருக்கும் பிள்ளையைப் பார்ப்பதைவிட டாக்டருக்கு அது அதிகம் சொல்லும். கூடவே அப்பாவும் போகட்டும்.